பிள்ளை பார்க்கப் போகாதீர்கள்!



தலைப்பைப் பார்த்ததும், "இது என்ன அநியாயம்? பிள்ளை பெற்றவளைப் போய்ப் பார்க்காவிட்டால் ஊர் என்ன பேசும்?" என்று உங்களில் பாதிப் பேர் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பத்து மாதமும் நிறைந்து, மூன்று கிலோ எடையில், வீல் என்று கத்திக்கொண்டு பிறந்த பிள்ளையைப் பற்றி நான் பேச வரவில்லை. ஏழாம் மாதம், எட்டாம் மாதமே பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் கிடக்கிறதே, அந்தக் குறைமாதக் குழந்தையைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அந்தக் குழந்தையைப் பார்க்கச் சொந்தபந்தம் போகவே கூடாது. ஆனால் பெற்ற தாயை ஒரு நாள்கூட அதனிடமிருந்து தள்ளி வைக்கக் கூடாது. எங்கள் விருதுநகர், சிவகாசிப் பக்கத்தில் இது இரண்டுமே தலைகீழாக நடக்கிறது. தாய் வீட்டில் பத்தியம் சாப்பிட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். ஊரெல்லாம் வேன் பிடித்துப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறது.

இதில் என்ன ஆபத்து என்கிறீர்களா? ஊறுகாய் ஜாடிக்குள் யாராவது ஈரக் கரண்டியைப் போட்டுவிட்டால் நாலாம் நாள் மேலே வெள்ளையாகப் பூசணம் பூக்கிறது அல்லவா? அந்தப் பூஞ்சைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கிருமிக்கு 'கேண்டிடா' என்று பெயர். இது எங்கிருந்தோ வருவதில்லை. உங்கள் தோலிலும், என் வாயிலும், எல்லோர் குடலிலும், பெண்களின் பிறப்புறுப்பிலும் சாதாரணமாகவே இருக்கக் கூடியது. நம்மை ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைகளின் நாக்கில் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளை படியுமே, பாட்டிமார் 'அக்கரம்' என்பார்கள், அதுவும் இந்தப் பூஞ்சையின் வேலைதான். நல்ல எடையுள்ள குழந்தைக்குச் சொட்டு மருந்து விட்டால் சரியாகிவிடும்.

குறைமாதக் குழந்தையின் கதை வேறு. அதன் தோல் வெங்காயச் சருகு போல இருக்கும். நோயை எதிர்க்கும் சக்தியைத் தாய் தன் ரத்தத்தின் வழியாகப் பிள்ளைக்குக் கொடுப்பது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான். ஏழாம் மாதம் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சீதனம் முழுதாகக் கிடைப்பதில்லை. மூச்சுக்கு ஒரு குழாய், பாலுக்கு ஒரு குழாய், மருந்துக்கு ரத்தக் குழாயில் ஒரு குழாய் என்று உடம்பில் பல வாசல்கள் திறந்திருக்கும். உயிரைக் காப்பாற்ற ஆன்டிபயாடிக் மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். அந்த மருந்து பாக்டீரியாவைத்தான் கொல்லும், பூஞ்சையைத் தொடாது. குடலில் இருக்கிற நல்ல கிருமிகளும் சேர்ந்து செத்துப் போவதால், காலி மனையில் கருவேலம் முளைப்பதுபோல் பூஞ்சை பரவ இடம் கிடைத்துவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், பூஞ்சை முதலில் சத்தமில்லாமல் குடியேறும். தோலிலோ வாயிலோ குடலிலோ இருக்கும். குழந்தைக்கு ஒரு குறியும் தெரியாது. அப்படிக் குடியேறிய எல்லாக் குழந்தைக்கும் நோய் வருவதும் இல்லை. ஆனால் சில குழந்தைகளுக்கு அது ரத்தத்தில் கலந்துவிடும். அப்போதுதான் பால் செரிக்காமல் வயிறு உப்பும், மூச்சு விட்டு விட்டு வரும், ரத்தத் தட்டணுக்கள் குறையும். சிறுநீரகம், கண், மூளை வரைக்கும் போய்விடும். பிழைத்தாலும் பார்வையிலும் மூளை வளர்ச்சியிலும் குறை தங்கிவிடலாம். ரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்குச் சில நாள் ஆகும். சில சமயம் அதிலும் அகப்படாது. அதனால்தான் வந்த பிறகு வைத்தியம் பார்ப்பதைவிட வராமல் பார்த்துக்கொள்வது முக்கியம் என்கிறேன்.

இது கை வழியாக எப்படிப் பரவும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. சண்டிகரில் பி.ஜி.ஐ. என்று நாட்டிலேயே பேர் பெற்ற பெரிய ஆஸ்பத்திரி. அங்கே 1996 ஏப்ரலில் இருந்து 1998 பிப்ரவரி வரை, 23 மாதங்களில் 379 பச்சிளங்குழந்தைகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் 'பிச்சியா' என்ற ஒரு வகைப் பூஞ்சை ரத்தத்தில் ஏறியது. அந்த ஆஸ்பத்திரி டாக்டர்களே ஒளிக்காமல் ஆராய்ந்து 2001-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்தப் பூஞ்சை உச்சத்தில் இருந்த நேரத்தில் 50 பச்சிளங்குழந்தைகளைத் தொடர்ச்சியாகச் சோதித்தபோது 100-க்கு 28 என்ற கணக்கில் குழந்தைகளின் உடம்பில் அது ஏற்கனவே குடியேறியிருந்ததாம். ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்கு அது போனது கைகளின் வழியாகத்தான். முடிவில் எதனால் அடங்கியது தெரியுமா? ஒன்று, எல்லோரும் கையை ஒழுங்காகச் சுத்தம் செய்ய வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தது. இரண்டு, குறைமாதக் குழந்தைகளுக்கும் ஆபத்தான நிலையில் இருந்த குழந்தைகளுக்கும் முன்கூட்டியே பூஞ்சைத் தடுப்பு மருந்து கொடுத்தது.

படித்த டாக்டரும் பயிற்சி பெற்ற நர்ஸும் இருக்கிற இடத்திலேயே கையால் பரவியது என்றால், பஸ் கம்பியைப் பிடித்து, செல்போனைத் தடவி, வழியில் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு போகிற நம் கையைப் பற்றி என்ன சொல்வது?

எங்கள் தெருவில் ஒரு பெண். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடைக்கிற வேலை. ஏழாம் மாதமே பனிக்குடம் உடைந்து 1,100 கிராமில் ஆண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி எது, எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். நாலாம் நாள் தாயை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "அம்மா தங்க இங்கே இடம் இல்லை" என்றார்களாம். வீட்டிலோ, "பச்சை உடம்புக்காரி, பதினாறு நாள் வாசப்படி தாண்டக் கூடாது" என்று மாமியார் சொல்லிவிட்டார். ஆனால் சாயங்காலம் பார்வை நேரத்தில் இரண்டிரண்டு பேராக மாமன், அத்தை, சித்தப்பா, பக்கத்து வீடு என்று போய் வந்தார்கள். முப்பது பேருக்குக் குறையாது. ஒரு பெரியம்மா விரலால் சேனை வைக்கப் பார்த்து நர்ஸ் சத்தம் போட்டதும் நடந்தது. பதிமூன்றாம் நாள் குழந்தைக்கு வயிறு உப்பியது. ரத்தத்தில் பூஞ்சை என்றார்கள். மூன்று வாரம் டிரிப்ஸில் மருந்து ஏறியது.

கடவுள் புண்ணியத்தில் பிள்ளை பிழைத்துக்கொண்டது. யார் கையிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தவர்கள் கையாகவும் இருக்கலாம், வேலை பார்ப்பவர்கள் கையாகவும் இருக்கலாம். நான் யார் மேலும் பழி போடவில்லை. ஆனால் அந்தப் பெண் என்னிடம் சொன்னதை மட்டும் மறக்க முடியவில்லை. "ஊரே பார்த்த பெறகுதான்க்கா எம் புள்ளைய நான் நல்லாப் பார்த்தேன்" என்றாள்.

இது என்ன முறை? யோசித்துப் பாருங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது கஷ்டமே இல்லை. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று கணக்கு உண்டு. ஏன்? ஆள் கூடக் கூட ஆபத்தும் கூடும், சேதமும் கூடும். 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். முப்பதுக்கும் மேற்பட்ட உயிர் போனது. அதில் எத்தனையோ பேர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை. புகையைக் கண்டு காப்பாற்றப் போனவர்கள், என்ன என்று பார்க்கப் போனவர்கள். பாசத்திலும் பதற்றத்திலும்தான் போனார்கள். ஆனாலும் போகக் கூடாத இடம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா? குறைமாதக் குழந்தை இருக்கிற அறையும் அப்படிப்பட்ட இடம்தான்.

சரி, நாம் விலகி நிற்கிறோம், தாய் மட்டும் எதற்கு உள்ளே போக வேண்டும், அவளிடமும் கிருமி இருக்குமே என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. தாயிடமிருந்தும் பூஞ்சை வரலாம், பிரசவ நேரத்திலேயே வரலாம். அதனால்தான் கர்ப்பமாக இருக்கும்போது அரிப்போடு வெள்ளைப்படுதல் இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடமோ கிராம சுகாதார நர்ஸிடமோ சொல்ல வேண்டும். நம் பெண்கள் புருஷனிடம்கூடச் சொல்லாமல் வேப்பிலைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு சமாளிப்பார்கள். அது வேண்டாம். கர்ப்ப காலத்தில் பாதுகாப்பான மருந்து இருக்கிறது.

ஆனால் தாய் கொண்டு வருவது கிருமியை மட்டும் அல்ல. அவள் தோலோடு சேரும்போது நல்ல கிருமிகள் குழந்தையின் தோலில் இடம் பிடிக்கின்றன. அவள் பாலில் நோய் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. தாய்ப்பால் சீக்கிரம் பழகிவிட்டால் ரத்தக் குழாயில் செருகிய ஊசியைச் சீக்கிரம் எடுத்துவிடலாம். பூஞ்சை நுழையும் பெரிய வாசல் ஒன்று அடைபடும்.

1978-ல் தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல், ஒரு பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட்டு, கிருமி பரவித் தவித்தபோது, எட்கர் ரே என்ற டாக்டர் குழந்தைகளைத் தாய்மார் நெஞ்சோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். கங்காரு தன் குட்டியை மடியில் வைத்திருப்பதுபோல் இருந்ததால் 'கங்காரு பராமரிப்பு' என்று பெயர் வந்தது. இல்லாமையில் பிறந்த யோசனை என்று இதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும், ஆப்பிரிக்காவில் நாலு நாட்டு ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து, 1 கிலோவுக்குக் குறையாமல் 1.8 கிலோவுக்கு உட்பட்ட 3,211 குழந்தைகளை வைத்து ஆராய்ந்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். பிறந்த உடனேயே தாயின் நெஞ்சோடு சேர்த்து, தாய்க்கும் அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். முதல் 28 நாளில், வழக்கமான முறையில் 100-க்கு ஏறக்குறைய 16 குழந்தைகள் இறந்தன என்றால், இந்த முறையில் 12. கிருமித் தொற்றும் குறைந்திருந்தது. இது பூஞ்சைக்கு மட்டும் செய்த ஆராய்ச்சி அல்ல, எல்லாக் கிருமியும் சேர்த்துத்தான். 2022-ல் உலக சுகாதார நிறுவனமும், குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த உடனே இதைத் தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. இதற்கு மேல் "பச்சை உடம்பு, வெளியே போகாதே" என்று தடுக்கலாமா?

"பூஞ்சைக்குத்தான் மருந்து இருக்கிறதே, பயமென்ன" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2009-ல் ஜப்பானில் ஒரு பாட்டியின் காதில் கண்டுபிடித்த 'கேண்டிடா ஆரிஸ்' என்ற புது வகை இப்போது நம் நாட்டு ஆஸ்பத்திரிகள் உட்பட உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. பல மருந்துகளுக்கு மசியாது. கட்டில் கம்பியிலும் மேஜையிலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் மிக ஆபத்தான பூஞ்சைகள் என்று போட்ட பட்டியலில் முதல் வரிசையில் இதுவும் இருக்கிறது. மருந்தை நம்பிக் கையைக் கழுவாமல் இருக்கிற காலம் போய்விட்டது.

இனி நாம் செய்ய வேண்டியது என்ன?

பெற்றவள் கூடவே இருக்கட்டும். தையல் வலி இருந்தால் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிப் போகலாம். அவளால் முடியாத நேரத்தில் அப்பாவோ பாட்டியோ ஒருவரை மட்டும் முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளை நெஞ்சிலும் சூடு இருக்கிறது, கங்காரு முறையை அப்பாவும் செய்யலாம். உள்ளே போகிறவர் மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, நகத்தை ஒட்ட வெட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழுவிய கையால் செல்போனைத் தொட்டால் மறுபடி கழுவ வேண்டும். மருந்துத் தூள் ஒட்டிய கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சோற்றில் கை வைக்கிற ஊர் நம் ஊர். கழுவுவது எப்படி என்று நமக்கு யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை.

பால் பீய்ச்சும் கிண்ணம், பாலாடை, சங்கு எல்லாவற்றையும் வெந்நீரில் அலசினால் போதாது. நன்றாகக் கொதிக்க வைத்து எடுக்க வேண்டும். சேனை, சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப் பால், வசம்பு எதுவும் கூடாது. டாக்டர் சொல்லாமல் எண்ணெயும் தடவக் கூடாது. ஒரு சொட்டு தேன் என்ன செய்துவிடும் என்று கேட்காதீர்கள். தேனை விடுங்கள், அதை நாக்கில் வைக்கிற விரலை நினைத்துப் பாருங்கள். தாய்க்குப் பால் போதவில்லை என்றால் கடைப் பால் டப்பாவைத் தேடாமல், தாய்ப்பால் வங்கி உண்டா என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள். மும்பை சயான் ஆஸ்பத்திரியில் 1989-ல் ஆரம்பித்த அந்த ஏற்பாடு 2014-ல் இருந்து தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் வந்திருக்கிறது.

அப்புறம், டாக்டரிடம் "நல்ல பவரான ஆன்டிபயாடிக் போடுங்க சார்" என்று நாமாகக் கெஞ்சுவதை விட வேண்டும். தேவைக்கு மேல் போட்டால் பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம்.

சொந்தக்காரர்களுக்கு வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பாதிப் பெண்கள் தினக்கூலி. ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்ப ஆள் இருக்காது. வேன் வாடகைக்கும் ஆப்பிள் பழத்துக்கும் செலவு செய்வதை அந்தத் தாய் கையில் கொடுங்கள். மூத்த பிள்ளைக்கு இரண்டு இட்லி வைத்துக் கொடுங்கள். அதுதான் உண்மையான பிள்ளை பார்ப்பது.

இ.எஸ்.ஐ.யில் பதிவாகியிருக்கும் தோழிகளுக்கு ஒரு தகவல். 2017-ல் இருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கும் சம்பளத்தோடு 26 வாரம் பேறுகால விடுப்பு உண்டு. குறைப்பிரசவத்தால் உடல்நலக் குறைவு ஏற்பட்டால் டாக்டர் சான்றிதழ் கொடுத்து மேலும் ஒரு மாதம் கேட்கலாம். கேட்டு வாங்குங்கள். பதிவே செய்யாமல் வேலை வாங்குகிற இடங்களில் இருக்கிற பெண்கள்தான் பாவம். அவர்களைப் பதிவு செய்ய வைப்பதும் குழந்தையைக் காப்பாற்றுகிற வேலைதான்.

ஆஸ்பத்திரிக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். 2022 ஜனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அதற்கு முன் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோதான் ஓட வேண்டும். பெரிய கட்டிடம், புது இயந்திரம் எல்லாம் சந்தோஷம்தான். அரசோ தனியாரோ, குறைமாதக் குழந்தை இருக்கிற எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும், தாய் உட்கார ஒரு சாய்வு நாற்காலி, படுக்க ஒரு கட்டில், கை கழுவத் தண்ணீர் நிற்காத குழாய், போதுமான நர்ஸ்கள், இந்த நாலும் வேண்டும். ஒரே நர்ஸ் பத்துக் குழந்தையைப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் இடையில் கை கழுவ அவருக்கு ஏது நேரம்? பார்வை நேரத்தைச் சொந்தக்காரர்களுக்கு மூடிவிட்டு, தாய்க்கு 24 மணி நேரமும் கதவைத் திறந்து வையுங்கள். "இடம் இல்லை" என்ற சொல் பெற்றவளுக்குப் பொருந்தாது.

2020-ல் மட்டும் நம் நாட்டில் 30 லட்சத்துக்கு மேல் குறைமாதக் குழந்தைகள் பிறந்ததாகக் கணக்கு. உலகத்தில் பிறந்ததில் ஐந்தில் ஒன்றுக்கு மேல். ஆகவே இது யார் வீட்டிலோ நடக்கிற விஷயம் இல்லை. நாளைக்கு நம் மகளுக்கோ மருமகளுக்கோ நடக்கலாம். அன்றைக்கு வாசலில் நின்று, "பாசம் இருக்கிறவங்க வீட்டிலேயே இருந்து சாமி கும்பிடுங்க, பிள்ளை வீட்டுக்கு வந்ததும் நானே கூப்பிடுறேன்" என்று சொல்லும் தைரியம் நமக்கு வேண்டும். பேசுகிறவர்கள் நாலு நாள் பேசுவார்கள், அப்புறம் அவர்களே பெயர் சூட்டு விழாவுக்கு முதல் ஆளாக வருவார்கள்.

பெரியவர்கள் உள்ள வீடுகளில் இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். என்ன தோழியரே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, திருத்தங்கல்.